பிள்ளை சாப்பிட மறுக்கும்போது: திரைவழி வரும் குடும்பச் சிகிச்சை

‘கேன்டீன்லயே சாப்பிட்டுட்டேம்மா.’ ‘கேஸ்ட்ரிக் மாதிரி இருக்கு, வேண்டாம்.’ ‘இன்னிக்கு விரதம்.’ ‘டியூஷன் முடிஞ்சு வந்து சாப்பிடுறேன்.’

பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இவை சாதாரணமாகக் காதில் விழும் பேச்சுகள். ஒரு நாள் சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இதே பேச்சு வாரக்கணக்கில் தொடர்ந்தால்? பள்ளிச் சீருடை தொளதொளவென்று ஆகிவிட்டால்? குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே பிள்ளை தவிர்க்கத் தொடங்கிவிட்டால்? ‘பருவ வயசு, சரியாயிடும்’ என்று காத்திருக்கக் கூடாத நேரம் அது.

உணவுக் கோளாறுகள் மனநோய்களில் மிக ஆபத்தானவை. அவற்றுள் கடுமையானது அனோரெக்சியா நெர்வோசா. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஓர் அலசல், இந்நோய் உள்ளவர்களின் இறப்பு விகிதம் அதே வயதுடைய மற்றவர்களைவிட 5 மடங்குக்கும் அதிகம் என்று கணக்கிட்டது. இறந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தற்கொலையால் இறந்தவர்.

ஆறுதலான செய்தியும் உண்டு. நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளுக்குள் பதின்ம வயதினருக்குச் சிகிச்சை அளித்தால் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அந்தச் சிகிச்சையில் மருந்து கொடுப்பவர்கள் பெற்றோர். மருந்து, சாப்பாடு. சிகிச்சை நடக்கும் இடம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ‘குடும்பம்சார் சிகிச்சை’ எனப்படும் இம்முறையை இப்போது காணொலி வழியாகவும் நடத்த முடிகிறது. அது எப்படி நடக்கிறது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்ப்போம்.

அழகு ஆசையா, நோயா?

உணவுக் கோளாறு என்றதும் ‘ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை’ என்றுதான் பலரும் நினைக்கிறோம். அனோரெக்சியாவில் பிள்ளை உணவைக் குறைத்துக்கொண்டே போகும். உடல் தேய்ந்த பிறகும் எடை கூடிவிடுமோ என்ற அச்சம் விடாது. புலிமியா நெர்வோசாவில் கட்டுப்பாடின்றி அதிகம் உண்பதும், பிறகு அதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது போன்ற செயல்களும் மாறி மாறி வரும். எடை இயல்பாகவே இருப்பதால் இது வீட்டில் யார் கண்ணிலும் படாமல் போகலாம். ஆண் பிள்ளைகளுக்கும் இந்நோய்கள் வரும். பருமனாக இருந்த பிள்ளை வேகமாக எடை குறைந்து, ‘பரவாயில்லையே, நல்லா இளைச்சிட்டியே’ என்று சொந்தக்காரர்கள் பாராட்டும் வேளையில் உள்ளே இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்கு மெதுவாகிக்கொண்டிருக்கலாம்.

நம் பகுதி மக்களிடம் இந்நோய் வேறு முகத்தோடும் வருகிறது. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் தம் குழுவினரோடு 70 சீன நோயாளிகளை ஆராய்ந்து 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் 41 பேருக்குக் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை என்பது போன்ற காரணங்களைச் சொல்லி அவர்கள் உணவை ஒதுக்கியிருந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கோளாற்றோடு வந்த சிறார்களில் பெரும்பாலோரிடம் காணப்பட்டது மனக் காரணத்தால் வரும் வாந்தி. அனோரெக்சியா சிறு பங்கே.

ஆகவே, ‘என் மகள் கண்ணாடி முன்னால் நிற்பதே இல்லை, அவளுக்கு இது இருக்காது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வயிற்றுக்கோளாறு, விரதம், சைவத்துக்கு மாறுதல், உடற்பயிற்சி என்று எந்தப் போர்வையிலும் இந்நோய் ஒளிந்துகொள்ளும்.

மலேசியாவில் அனோரெக்சியா எவ்வளவு தென்படுகிறது என்று நீல் பூரிச் என்பவர் இங்குள்ள மனநல மருத்துவர்களிடம் விசாரித்து 1981-ல் ஒரு கட்டுரை எழுதினார். அன்று அது மிக அரிதாகவே பதிவாகியிருந்தது. ‘இது வெள்ளைக்காரர்கள் வியாதி’ என்ற எண்ணம் நம்மிடையே நிலைத்ததற்கு இத்தகைய பழைய நிலவரமும் ஒரு காரணம். அந்த எண்ணத்தால் நம் பிள்ளைகளுக்கு வரும்போது வீட்டாரும் சிலசமயம் மருத்துவர்களும் அதைக் கடைசியாகத்தான் சந்தேகிக்கிறார்கள்.

பசித்த மூளை

‘முதலில் மனசைச் சரிசெய்யுங்கள், சாப்பாடு தானாக உள்ளே போகும்’ என்பது நம் பலரின் கருத்து. குடும்பம்சார் சிகிச்சை இதை அப்படியே திருப்பிப் போடுகிறது: முதலில் சாப்பாடு, மனசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கான அடிப்படை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945-ஆம் ஆண்டுகளில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். உடலும் மனமும் நலமாக இருந்த அந்தத் தொண்டர்களுக்கு 24 வாரங்கள் அரைப்பட்டினி. அவர்கள் எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. உடல் இளைத்ததோடு மனமும் மாறியது. எந்நேரமும் உணவைப் பற்றியே பேசினார்கள். சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்காக அளைந்துகொண்டிருந்தார்கள். எரிச்சல், சோர்வு, தனிமை நாட்டம் எல்லாம் வந்தன. உணவு திரும்பி, உடல் தேறத் தேறத்தான் மனம் பழைய நிலைக்கு வந்தது.

நோயுற்ற பிள்ளையிடம் பெற்றோர் காணும் பிடிவாதம், கோபம், ஒளிவுமறைவு ஆகியவற்றில் பெரும்பகுதி பட்டினியின் விளைவு. பசித்த மூளையோடு வாதாடி வெல்ல முடியாது. ‘உனக்கு என்ன குறை வைத்தோம்?’ என்று கேட்டு அழுவதாலும் பயனில்லை. உடலுக்கு உணவு போய்ச் சேர்ந்த பிறகே பேச்சு உள்ளே இறங்கும்.

லண்டனில் பிறந்த முறை

லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் கிறிஸ்டபர் டேர், ஐவன் ஐஸ்லர் முதலியோர் இம்முறையை உருவாக்கினார்கள். அதற்கு முன்பு பல இடங்களில் அனோரெக்சியா நோயாளியைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சையாக இருந்தது. குடும்பம்தான் நோய்க்குக் காரணம் என்று நம்பினார்கள். மாட்ஸ்லி குழுவினர் அதற்கு நேர்மாறாக, குடும்பத்தையே துணைக்கு அழைத்தார்கள்.

ஜெரால்ட் ரசல் தலைமையில் 80 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 1987-ல் வெளியானது. 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி, அது முற்றிப்போகாத நிலையில் இருந்தவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சை அதிகப் பலன் தந்தது. 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது.

பின்னர் அமெரிக்காவில் ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிரேஞ்ச் ஆகியோர் டேருடன் சேர்ந்து இதை 2001-ல் ஒரு கையேடாக வெளியிட்டார்கள். 12 முதல் 18 வயதுக்குட்பட்ட 121 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2010-ல் வந்தது. சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆனபோது, குடும்பச் சிகிச்சை பெற்றவர்களில் 49 விழுக்காட்டினர் முழுமையாகத் தேறியிருந்தார்கள். தனிநபர் சிகிச்சை பெற்றவர்களில் அது 23 விழுக்காடு. பாதிப் பேர் இன்னும் முழுதாகத் தேறவில்லை என்பதையும் இந்தக் கணக்கு சொல்கிறது. இது மந்திரக்கோல் அல்ல. ஆனாலும் பதின்ம வயது அனோரெக்சியாவுக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை இதுவே.

மேற்கத்தியக் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது நமக்கு ஒத்துவருமா? பக்கத்திலேயே பதில் இருக்கிறது. சிங்கப்பூரின் கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனை இம்முறையை நடைமுறைப்படுத்தி, தன்னிடம் சிகிச்சை பெற்ற ஆசியப் பிள்ளைகளின் முன்னேற்றத்தை 2021-ல் ஆய்வாக வெளியிட்டது. பெற்றோர் சொல்லுக்கு வீட்டில் இன்னும் மதிப்புள்ள சமூகங்களில் இதை நடத்த முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

பழி யாருக்கும் இல்லை

இந்தச் சிகிச்சையின் முதல் பாடமே பெற்றோரின் குற்ற உணர்வைக் கழற்றி வைப்பது. நோய் எதனால் வந்தது என்று சிகிச்சையாளர் துருவிக்கொண்டிருக்க மாட்டார். வேலைக்குப் போன தாய், கண்டிப்பான தந்தை, எஸ்.பி.எம். தேர்வு என்று யார் மீதும் எதன் மீதும் பழி போடுவதில்லை. ஏறத்தாழ 17,000 அனோரெக்சியா நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. நோயோடு தொடர்புள்ள 8 இடங்களை அது மரபணுத் தொகுதியில் கண்டது. அவற்றின் தொடர்பு மனத்தோடு நின்றுவிடவில்லை, உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் இருந்தது. ஒரு தாய் சொன்ன ஒரு சொல்லால் இந்நோய் முளைத்துவிடுவதில்லை.

இரண்டாவது பாடம், நோயைப் பிள்ளையிடமிருந்து பிரித்துப் பார்ப்பது. தட்டைத் தள்ளிவிடுவது உங்கள் மகள் அல்லள். அவளைப் பிடித்திருக்கும் நோய். இப்படிப் பார்க்கப் பழகினால், நோயிடம் உறுதியாகவும் பிள்ளையிடம் கனிவாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறது.

சிகிச்சை மூன்று கட்டங்களாக நடக்கும். முதல் கட்டத்தில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வார்கள். தினம் மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு மூன்று சிற்றுணவும் பெரியவர் ஒருவரின் துணையோடு நடக்கும். எடை சீராகக் கூடி, சாப்பாட்டு நேரச் சண்டை தணிந்ததும் இரண்டாம் கட்டம். அப்போது பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திரும்பும்: முதலில் பள்ளி ஓய்வு நேரச் சிற்றுணவு, பிறகு நண்பர்களோடு ஒரு வேளை வெளிச்சாப்பாடு. மூன்றாம் கட்டத்தில்தான் நட்பு, படிப்பு, சுதந்திரம் என்று வயதுக்குரிய விஷயங்களைப் பேசுவார்கள். மொத்தம் 20 அமர்வுகள் அளவில், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இது நீளும்.

திரைக்குள் வந்த கதை

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு 5 வேளை என்றால் வாரத்துக்கு 35 வேளை. வாரம் ஒரு மணி நேரம் சந்திக்கும் சிகிச்சையாளர் அதில் ஒரு வேளையைக்கூட முழுதாகப் பார்ப்பதில்லை. சிகிச்சை நடப்பது அந்த 35 வேளைகளில், உங்கள் வீட்டில். சிகிச்சையாளரின் வேலை பெற்றோருக்கு வழிகாட்டித் தைரியம் கொடுப்பது. அப்படியானால் அவர் அதே அறையில் இருந்தே ஆக வேண்டுமா?

இக்கேள்வி கொரோனாவுக்கு முன்பே எழுந்தது. கனடாவில் தொலைவில் இருந்த ஒரு குடும்பத்துக்குக் காணொலி வழியாகக் குடும்பச் சிகிச்சை அளித்த அனுபவம் 2003-லேயே மருத்துவ இதழில் பதிவானது. 2017-ல் கிறிஸ்டன் ஆண்டர்சன், லெ கிரேஞ்ச் முதலியோர் 10 குடும்பங்களுக்கு ஆறு மாதங்களில் 20 அமர்வுகளைக் காணொலியிலேயே நடத்திப் பார்த்தார்கள். பிள்ளைகளின் எடை குறிப்பிடத்தக்க அளவு கூடியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. ஆனாலும் ‘திரையில் இது நடக்காது’ என்ற சந்தேகத்தை அது அசைத்தது.

பிறகு கொரோனா வந்தது. மலேசியாவில் 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது மற்ற நாடுகளிலும் கதவுகள் மூடிக்கொண்டிருந்தன. மருத்துவமனைக்குப் போக வழியில்லாத நிலையில் உலகெங்கும் சிகிச்சையாளர்கள் திரைக்கு மாறினார்கள். அதே 2020-ல் லாக் உள்ளிட்ட குழுவினர் காணொலி வழியாக இச்சிகிச்சையை நடத்துவதற்கான நடைமுறைக் குறிப்புகளை வெளியிட்டார்கள். தற்காலிக ஏற்பாடாக வந்தது பல இடங்களில் நிலைத்துவிட்டது.

ஓர் அமர்வு எப்படி நடக்கும்?

நேரில் நடக்கும்போது ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் சிகிச்சையாளர் பிள்ளையின் எடையைப் பார்ப்பார். காணொலியில் அந்தப் பொறுப்பு பெற்றோருக்கு வருகிறது. நல்ல மின்னணுத் தராசு ஒன்றை வாங்கிக் கெட்டியான தரையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே தராசு, அதே நேரம், கழிவறைக்குப் போய் வந்த பிறகு, மெல்லிய ஆடையில். தாயோ தந்தையோ கூடவே இருந்து பார்த்து, அமர்வுக்கு முன்பே சிகிச்சையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். எடையைக் கூட்டிக் காட்டும் உத்திகள் நோய்க்குத் தெரியும் என்பதால் இந்த ஒழுங்கில் தளர்வு கூடாது. முதல் நான்கு அமர்வுகளுக்குள் ஏறத்தாழ 2 கிலோ கூடினால் பிள்ளை தேறும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆரம்ப வாரங்களில் எடைக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவது அதனால்தான்.

பிறகு சிகிச்சையாளர் பிள்ளையிடம் சற்று நேரம் தனியாகப் பேசுவார். அப்போது மற்றவர்கள் அறையைவிட்டு வெளியேற வேண்டும். அதன்பின் குடும்பம் முழுவதும் திரை முன் அமரும். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவது போதாது. எல்லாருடைய முகமும் தெரியும்படி மடிக்கணினியோ பலகைக் கணினியோ சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். யார் முகம் சுளிக்கிறார், யார் யாரைப் பார்க்கிறார் என்பதும் சிகிச்சையாளருக்குத் தகவல்தான்.

இரண்டாவது அமர்வு குடும்ப விருந்து. நேரில் என்றால் பெற்றோர் உணவைக் கட்டி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே அன்னியமான அறையில், காகிதத் தட்டில் சாப்பிட வேண்டும். காணொலியிலோ வீட்டுச் சமையலறை, வழக்கமான நாற்காலி, வழக்கமான தட்டு. பிள்ளைக்குத் தேவை என்று பெற்றோர் கருதும் அளவில் பரிமாறுவார்கள். பிள்ளை மறுக்கும். அப்போது தாயும் தந்தையும் ஒரே குரலில், கோபமில்லாமல், ‘இன்னும் ஒரு வாய்’ என்று எப்படிச் சொல்லிக்கொண்டே இருப்பது என்பதைச் சிகிச்சையாளர் அந்த நேரத்திலேயே சொல்லித் தருவார். வீட்டில் உண்மையாகவே என்ன நடக்கிறது என்பதை மருத்துவமனை அறையைவிடத் தெளிவாக அவர் பார்ப்பது இங்கேதான்.

கிள்ளானிலிருந்து எத்தனை நடை?

கிள்ளானில் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிபுணர் கோலாலம்பூரில் இருக்கிறார். கொம்யூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். காரில் வந்தால் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசல். போய்வர அரை நாள் போய்விடும். வாரந்தோறும் அரை நாள் விடுப்பு எந்த முதலாளி தருவார்? தந்தை துறைமுகத்தில் ஷிப்ட் வேலையில் இருக்கலாம், சிங்கப்பூரில் வேலை பார்க்கலாம். அதனால் தாய் மட்டும் பிள்ளையை அழைத்துப் போவார். தாய் கற்றுவந்ததைத் தந்தை கேள்விப்படுவதோடு சரி. இரண்டு பெற்றோரும் ஒன்றுபட்டு நிற்பதே இச்சிகிச்சையின் முதுகெலும்பு என்பதால் அங்கேயே அது ஆட்டம் காணும். காணொலியில் தந்தை வேலையிடத்து ஓய்வறையிலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் இதே வசதி. நிபுணர் அதே ஊரில் இருந்தாலும், சாப்பிட மறுக்கும் பிள்ளையை வண்டியில் ஏற்றுவதே சில நாள் பெரும்பாடு.

நம் வீடுகளுக்கே உரிய சில விஷயங்களைச் சிகிச்சையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தாத்தா பாட்டி உடன் இருந்தால் அவர்களையும் திரை முன் அமர்த்துங்கள். ‘பாவம், புள்ளைய ஏன் படுத்துறீங்க, விடுங்க’ என்று பாட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், நோய் அந்த இடைவெளியில் புகுந்துகொள்ளும். பாட்டியும் அம்மா பக்கம் நின்றால் அதைவிடப் பெரிய பலம் இல்லை. அண்ணன், தங்கை ஆகியோருக்குக் காவல் வேலை வேண்டாம். சாப்பாடு முடிந்ததும் கேரம் விளையாடவோ சேர்ந்து படம் பார்க்கவோ அவர்கள் துணையாக இருந்தால் போதும்.

மொழியும் முக்கியம். பிள்ளை ஆங்கிலத்தில் பேசும், பாட்டிக்குத் தமிழ்தான் வரும், சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அப்போது நோயுற்ற பிள்ளையையே மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். தாய்மாமனோ சித்தியோ அந்த இடத்தில் உதவலாம்.

தைப்பூசம், புரட்டாசி என்று விரத காலங்கள் வரும். வளரும் பிள்ளைக்கு உயிர்காக்கும் மருந்தாக உணவு தரப்படும் காலத்தில் விரதம் கிடையாது என்று பெற்றோரே சொல்லிவிட வேண்டும். நோயாளிக்கு விரத விலக்கு உண்டு என்பது நம் மரபும் ஏற்றுக்கொண்ட ஒன்றே. தயிர் சாதம், நெய் விட்ட பருப்பு, தேங்காய்ச் சட்னியோடு தோசை, நாசி லெமாக், மைலோ என்று பிள்ளை நோய்க்கு முன்பு விரும்பிச் சாப்பிட்டவையே போதும். தனி உணவு எதுவும் தேவையில்லை. இத்தனை ஆண்டுகள் பிள்ளையை வளர்த்த கைக்கு அளவு தெரியும் என்பதே இச்சிகிச்சையின் நம்பிக்கை.

அடுக்குமாடி வீடுகளில் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்ற கூச்சத்தில் பெற்றோர் பேசத் தயங்குவார்கள். மின்விசிறியையோ வானொலியையோ கதவோரம் ஓடவிடலாம். காதில் மாட்டும் கருவியைப் பயன்படுத்தலாம். இணைப்பு அறுந்தால் யார் யாரை எந்த எண்ணில் அழைப்பது என்பதையும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திரைக்குத் தெரியாதவை

காணொலிக்கு நாடி பிடிக்கத் தெரியாது. இரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரசும் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு உணவு திரும்பும் முதல் நாட்களில் இரத்தத்தில் பாஸ்பரஸ் திடீரெனக் குறைந்து இதயத்தைப் பாதிக்கும் ஆபத்து உண்டு. அதனால்தான் மிகவும் மெலிந்த பிள்ளைக்கு மருத்துவக் கண்காணிப்பில் உணவைத் தொடங்குகிறார்கள்.

திரையில் சிகிச்சையாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், வீட்டுக்கு அருகில் ஒரு மருத்துவர் பிள்ளையை நேரில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாடி, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம், உடல் வெப்பம், இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் இ.சி.ஜி. ஆகியவற்றை அவர் கவனிப்பார். இந்த இரண்டாவது கண் இல்லாமல் காணொலிச் சிகிச்சை மட்டும் நடப்பது ஆபத்து.

கீழ்க்கண்டவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்:

– விழித்திருக்கும்போது நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போவது
– மயக்கம் போட்டு விழுவது, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல்
– உணவையும் நீரையும் முற்றாக மறுப்பது
– ஓயாத வாந்தி அல்லது வாந்தியில் இரத்தம்
– உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல்

எல்லாக் குடும்பத்துக்கும் இம்முறை பொருந்தாது. வீட்டில் வன்முறையோ துன்புறுத்தலோ இருந்தால் அந்த மேசையில் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை. வேறு வழிதான் தேட வேண்டும். பல வாரங்கள் கடந்தும் எடை கூடவே இல்லை என்றால் நேரடிச் சிகிச்சைக்கோ மருத்துவமனைச் சேர்க்கைக்கோ மாறுவதில் தோல்வி எதுவும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் படி உங்கள் பகுதி அரசாங்க சுகாதாரக் கிளினிக் அல்லது குடும்ப மருத்துவர். ‘இந்த வயசுல இப்படித்தான்’ என்று அனுப்பிவிட்டால் விட்டுவிடாதீர்கள். ‘இத்தனை மாதத்தில் இத்தனை கிலோ குறைந்திருக்கிறது, மாதவிலக்கு நின்றிருக்கிறது, உணவுக் கோளாறாக இருக்குமோ என்று அஞ்சுகிறோம், பரிசோதித்துச் சிறார் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள்’ என்று தெளிவாகக் கேளுங்கள். பழைய எடைக் குறிப்புகளும் ஓராண்டுக்கு முன் எடுத்த புகைப்படமும் கையில் இருக்கட்டும். கிள்ளானில் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, தலைநகரில் கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்றவற்றில் மனநலப் பிரிவுகள் உள்ளன.

காணொலியில் சிகிச்சை தரும் ஒருவரை நாடும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். குடும்பம்சார் சிகிச்சையில் முறையாகப் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா? எங்கள் பகுதி மருத்துவரோடு நேரடியாகத் தொடர்பில் இருப்பீர்களா? ஒவ்வோர் அமர்விலும் எடையைக் கவனிப்பீர்களா? நள்ளிரவில் நிலைமை மோசமானால் நாங்கள் யாரை அழைக்க வேண்டும்? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் வேறொருவரைத் தேடுங்கள். ‘வாட்ஸ்அப்பில் உணவுப் பட்டியல் அனுப்புகிறேன்’ என்பவரிடம் கிடைப்பது சிகிச்சை அல்ல.

மன நெருக்கடியில் பேச ஆள் தேவைப்பட்டால் சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ தொலைபேசி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

முதல் சில வாரங்கள் மிகக் கடினமாக இருக்கும். தட்டு பறக்கலாம், கதவு அறையப்படலாம், ‘உங்களை வெறுக்கிறேன்’ என்ற சொல்லும் வரலாம். அந்தச் சொல் நோயின் சொல் என்று நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த வேளைக்கு மீண்டும் பக்கத்தில் உட்காருங்கள். சந்தேகம் இருந்தால் இந்த வாரமே பிள்ளையின் எடையையும் நாடியையும் ஒரு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி. ஏதேனும் இருந்தால், சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள்.